இழிசொல்லும் செய்தியும்: ஒரு நபிமொழி தரும் பாடம்





ஒரு திரைப்படத்தில் ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் சொல் வருகிறது. எதிர்ப்புக் கிளம்புகிறது. அடுத்த சில நாட்களுக்கு எந்தச் செய்தியைத் திறந்தாலும் அதே சொல், அதே காட்சி. யார் திட்டினார், யார் பதிலடி கொடுத்தார் என்பதே பேச்சு. பிறகு எல்லோரும் மறந்துவிடுகிறோம். காயப்பட்டவர் மட்டும் மறப்பதில்லை.

இழிசொல் பேசுவது பாவம் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாவத்தைப் பற்றிப் பேசும் முறையிலும் நன்மை தீமை உண்டு. இன்றைய உரையில் அதைப் பார்ப்போம்.

படம் சொன்னதும் பத்திரிகை செய்ததும்

அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக விற்று வாங்கிய காலத்தில், அவர்களை இழிவாக அழைக்க ஒரு சொல் இருந்தது. 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்தச் சொல் ஒழியவில்லை. இன்று பல ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் அதை முழுமையாக எழுதாமல், முதல் எழுத்தை மட்டும் குறிப்பிடுகின்றன.

'கான் வித் த விண்ட்' என்ற படம் 1939-ல் வந்தது. அடிமைமுறை இருந்த தென்மாநிலங்களின் வாழ்க்கையை அழகாகக் காட்டிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நாவலில் அந்த இழிசொல் இருந்தது. திரைக்கதையிலும் இடம்பெற இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் செயலாளர் வால்டர் வைட், தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்குக்குக் கடிதம் எழுதினார். 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற கறுப்பின மக்களின் பத்திரிகைகள் விடாமல் எதிர்த்து எழுதின. இறுதியில் அந்தச் சொல் படத்திலிருந்து நீக்கப்பட்டது. காயப்பட்டவர்களே பேனா பிடித்ததால் கிடைத்த பலன் இது.

ஆனால் சொல் போன இடத்தில் எண்ணம் தங்கிவிட்டது. அட்லாண்டா நகரில் நடந்த முதல் காட்சிக்கு, அந்தப் படத்திலேயே நடித்த ஹாட்டி மெக்டேனியல் வர முடியவில்லை. அங்கிருந்த நிறப் பாகுபாடு அதற்கு இடம் தரவில்லை. 1940 பிப்ரவரியில் அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த விழா மண்டபத்திலும் அவரைத் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள்.

2012-ல் 'ஜாங்கோ அன்செய்ன்ட்' என்ற படம் வந்தது. அதில் அந்தச் சொல் நூறு தடவைக்கு மேல் ஒலிக்கிறது. "எங்கள் முன்னோரை அவமதிக்கும் படம்" என்ற கருத்தில், கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ அதைப் பார்க்க மறுத்தார். "அடிமை முதலாளிகள் அப்படித்தான் பேசினார்கள், அந்தக் கொடுமையை மறைக்கக் கூடாது" என்பது படத்தை ஆதரித்தவர்களின் வாதம். அப்படிச் சொன்னவர்களில் கறுப்பின நடிகர்களும் இருந்தார்கள். இரண்டுமே நிதானமாக யோசிக்க வேண்டிய வாதங்கள். பல செய்திகளோ சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதிலும், இரண்டு இயக்குநர்களின் சண்டையாக அதை ஆக்குவதிலும் நின்றுவிட்டன.

அபூதர் (ரலி) அவர்களின் சம்பவம்

இப்போது ஸஹீஹுல் புகாரியில் 30-வது ஹதீஸைப் பாருங்கள். ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களை ஒருவர் சந்திக்கிறார். அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்கிறார். அபூதர் (ரலி) அவர்கள் தம் கதையைச் சொல்கிறார்கள்: ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசிவிட்டேன், நபி (ஸல்) அவர்கள் என்னிடம் ஜாஹிலிய்யாவின் குணம் இருப்பதாகக் கண்டித்தார்கள், பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுத்தக் கொடுங்கள் என்று கற்பித்தார்கள்.

சகோதரர்களே! இந்த அறிவிப்பில் எது இல்லை என்று கவனித்தீர்களா? என்ன சொல்லால் திட்டினார்கள் என்பது இல்லை. திட்டு வாங்கியவரின் பெயரும் இல்லை. குற்றம் இருக்கிறது, குற்றம் செய்தவர் தம்மைத்தாமே காட்டிக்கொடுக்கிறார். கண்டனம் இருக்கிறது. திருந்தியதற்கு அடையாளமாக ஆடை இருக்கிறது. கேட்பவர் பாடம் பெறத் தேவையானது எல்லாம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மட்டும் இன்னொரு தடவை அவமானப்படவில்லை. ஓர் இழிசொல்லைப் பற்றிய செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி உண்டா?

நாம் செய்ய வேண்டியது

அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் 6-ஆம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. 11-ஆம் வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. செய்தியும் சொல்லும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே வருவதைச் சிந்தியுங்கள்.

இத்தகைய ஒரு வீடியோ உங்கள் கைபேசிக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உண்மையா? இதில் பாதிக்கப்பட்டவரின் குரல் இருக்கிறதா? இதை நான் அனுப்பினால் அந்த இழிசொல் இன்னும் நூறு பேரைச் சென்றடைவதைத் தவிர வேறு பயன் உண்டா? கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள். சொல்லைச் சுமந்து திரியாதீர்கள்.

பிறகு நம் வீட்டையும் பாருங்கள். நிறம் குறைந்த பிள்ளையை "கறுப்பி" என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். பெண் பார்க்கப் போய்விட்டு வந்து நிறத்தைக் குறை சொல்கிறோம். அமெரிக்கப் படத்தைக் கண்டிக்கும் நாவு, அன்றைக்கே இதையும் நிறுத்தட்டும்.

நம் நாவுகளையும், நாம் பரப்பும் செய்திகளையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! எவருடைய மனதையும் புண்படுத்தாத மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.