களப்பலி

போரில் வெற்றி பெறுவதற்காகப் பெற்ற மகவையே பலியிடும் கதை கிரேக்க நாட்டிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு.

திராய் நகரின்மீது படையெடுத்த அகமெம்னன் என்னும் கிரேக்க மன்னன், கப்பல்கள் செல்லக் காற்று வேண்டித் தன் மகள் இபிசீனியாவைப் பலியிடத் துணிந்தான். செருமானிய இசைப்புலவர் குளுக் இக்கதையை இசைநாடகமாக்கினார். அது 1774-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் அரங்கேறியது. அதன் முடிவில் தெய்வம் மனமிரங்குகிறது. மகள் உயிர் பிழைக்கிறாள்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில், திரௌபதியம்மன் விழாக்காலத்தில் பாரதக் கதையைத் தெருக்கூத்தாக விடிய விடிய நடிப்பர். அதில் அருச்சுனன் மகன் அரவான், பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாக இசைகிறான். பதினெட்டு நாட்போரையும் காணும் வரம் ஒன்றையும் அவன் வேண்டிப் பெறுகிறான். முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, அவன் தன் தாய் நாககன்னியிடம் விடை பெறுவான். பெண்வேடம் பூண்ட கூத்தர் தாயாக நின்று புலம்புவார். கேட்போர் கண்கள் கலங்கும்.

பாரிசு நாடகத்தில் மகள் பிழைத்தாள்; கூத்தில் அரவான் பிழைப்பதில்லை. கதையின் முடிவை ஊரார் நன்கு அறிவர். அறிந்தும் ஆண்டுதோறும் அவனுக்காக அழுகின்றனர். பாண்டவர் வெற்றியைக் கொண்டாடும் விழாவிலேயே, அவ்வெற்றிக்காக மகனை இழந்த தாயின் துயரையும் அவர்கள் மறவாது போற்றுகின்றனர் அன்றோ!