ஓராள் நாடகத்தில் காண்போர் மெய்ப்பாடு: ‘பிரைமா ஃபேசி’யை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஜோடி கோமர் தனித்து நடித்த ‘பிரைமா ஃபேசி’ என்னும் ஆங்கில நாடகம் காண்போரிடம் எழுப்பிய மெய்ப்பாடுகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரைகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நடிகை மீதான பற்று, பாத்திரத்தின் சாட்சியத்தை நம்புவதைக் காண்போர்க்கு எளிதாக்கிவிடுகிறது என்பதும், நாடகத்தின் முற்பகுதியில் எழும் நகையே அவ்வெளிமையைக் குலைக்கிறது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஓராள் நாடகம், மெய்ப்பாடு, காண்போர், நகை, மருட்கை, சாட்சியம்.

முன்னுரை

புகழ்பெற்ற நடிகை ஒருவர் தனித்து நடிக்கும் நாடகத்தைப் பற்றிய செய்திகளில் இரண்டு தகவல்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அரங்கினர் எழுந்து நின்று கைதட்டினர் என்பது ஒன்று. பலர் கண்ணீர் விட்டனர் என்பது மற்றொன்று. இவை நாடகத்தின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றனவேயன்றி, கைதட்டல் யாருக்கு, கண்ணீர் எதன்பொருட்டு என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் சாட்சியமே நாடகப் பொருளாகும்போது இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.

நாடகமும் நடிகையும்

வழக்கறிஞராகப் பணியாற்றிய ஆஸ்திரேலிய நாடகாசிரியர் சூசி மில்லர் எழுதிய ‘பிரைமா ஃபேசி’, 2018ஆம் ஆண்டின் கிரிஃபின் விருதைப் பெற்றது. 2019இல் சிட்னியில் கிரிஃபின் நாடகக் குழுவினர் லீ லூயிஸ் இயக்கத்தில் இதனை அரங்கேற்றினர். ஷெரிடன் ஹார்பிரிட்ஜ் நடித்தார். 2022இல் லண்டன் ஹெரால்டு பின்டர் அரங்கில் ஜஸ்டின் மார்ட்டின் இயக்க, ஜோடி கோமர் நடித்தார். ‘கில்லிங் ஈவ்’ தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றிருந்த அவருக்கு இதுவே முதல் வெஸ்ட் எண்ட் மேடை. 2023இல் நியூயார்க் பிராட்வேயிலும் இந்நாடகம் நிகழ்ந்தது. அவ்வாண்டே லண்டனின் ஆலிவியர் விருதும் அமெரிக்காவின் டோனி விருதும் கோமருக்குக் கிடைத்தன.

கதை சுருக்கமானது. டெஸ்ஸா என்னும் இளம் பாரிஸ்டர் உழைக்கும் குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்காக வாதாடி வெல்வதில் தேர்ந்தவர். உடன் பணிபுரியும் ஆண் ஒருவரால் அவரே வன்புணர்வுக்கு உள்ளாகிறார். முறையீடு செய்து 782 நாள்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். தாம் பிறரிடம் கேட்டு வந்த வினாக்களே அங்குத் தம்மை நோக்கி வருகின்றன. எதிரி விடுவிக்கப்படுகிறார். இவ்வளவையும் இடைவேளையின்றி ஏறத்தாழ நூறு நிமிடங்கள் ஒரே உடலும் ஒரே குரலும் தாங்குகின்றன. நீதிபதி, காவலர், தாய், எதிரி ஆகிய அனைவரும் அந்தக் குரலின் வழியாகவே காண்போரை அடைகின்றனர்.

மெய்ப்பாடு எவரிடம் நிகழ்கிறது?

நடிப்போன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்தாள்கிறார். அச்சமுற்றவனிடம் நிகழும் அச்சம் சத்துவத்தால் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதல் என்பது அவர் தரும் விளக்கம். பேராசிரியர் உரையிலோ இதற்கு வலிமையான தடையொன்று காணப்படுகிறது. அஞ்சியவனைக் காண்போர்க்கு அச்சம் பிறப்பதில்லை. நகையோ கருணையோதான் பிறக்கும். மேடையில் தோன்றும் சுவை அப்படியே அரங்கிற்கு மாறிச் செல்வதில்லை. காண்போன் நிலைக்கேற்ப அது வேறொன்றாகிறது என இதனை விரித்துக் கொள்ளலாம்.

சமயச் சடங்கும் கூத்தும் நீங்கலாக, இத்தடையை இந்நாடகம் போல் சோதித்துப் பார்க்கும் அரங்கு அரிது. காண்போரில் ஒரு பகுதியினர் இக்கொடுமையைத் தம் வாழ்வில் அறிந்தவர்கள். தம் அனுபவங்களை நடிகையிடமும் நாடகக் குழுவினரிடமும் பகிர்ந்துகொண்ட பெண்கள் பலர். இவர்களுக்கு மேடையில் நிகழ்வது பிறர் அச்சமன்று. அஞ்சியவனைக் காண்போன் அஞ்சான் என்னும் விதி, முன்னரே அஞ்சியவர் காண்போராக அமரும்போது பொருந்துவதில்லை. இளம்பூரணரும் பேராசிரியரும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அவர்கள் இருவேறு காண்போரைக் கருதுகின்றனர் எனக் கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. ஒரே அரங்கில் அடுத்தடுத்த இருக்கைகளில் இவ்விரு வகையினரும் அமர்ந்திருக்கக் கூடும்.

எள்ளல் நகை

அழுகையைப் பற்றியே பலரும் எழுதியுள்ளனர். ஆய்வுக்கு உரிய இடம் அதற்கு முந்தைய நகை என்பது என் கருத்து. முற்பகுதியில் டெஸ்ஸா தம் குறுக்கு விசாரணைத் திறனை ஒரு பந்தய வீரரின் களிப்போடு நடித்துக் காட்டுகிறார். சாட்சியை முதலில் அசட்டையாகத் தளரவிட்டு, பின்னர் ஒரே வினாவில் வீழ்த்தும் நுட்பத்தை விவரிக்கிறார். கோமரின் வேகமும் முகக்குறிப்பும் லிவர்பூல் பேச்சும் சேர்ந்து அரங்கைச் சிரிக்க வைக்கின்றன. மேடைப் பதிவில் அச்சிரிப்பைத் தெளிவாகக் கேட்கலாம். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கனுள் இது எள்ளலைச் சார்ந்தது. வீழ்த்தப்படும் சாட்சியை நோக்கியது.

பிற்பகுதியில் டெஸ்ஸா கூண்டில் நிற்கும்போது அதே நுட்பம் அவர்மேல் பாய்கிறது. எதிரியோடு முன்னர் இசைந்து கொண்ட உறவு, அன்றிரவு அருந்திய மது, பின்னர் நீராடித் தடயத்தை இழந்தமை ஆகியன ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. இப்போது அரங்கில் நகையில்லை. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இளிவும் இழவும், வெகுளிக்குரியவற்றுள் அலையும் இங்கு ஒருங்கே அமைகின்றன. ஆயினும் ஒரு மணிநேரத்திற்கு முன் இதே செயலுக்குச் சிரித்த நினைவு காண்போரிடம் எஞ்சியிருக்கிறது. சாட்சியின் அச்சத்தைக் கண்டு நகுதல் என்னும் பேராசிரியர் தடை, இங்கு உரைநூலின் தருக்கமாக நில்லாமல் காண்போர் தாமே செய்து முடித்த செயலாகிறது. பல பாத்திரங்கள் உள்ள நாடகத்தில் அப்பழியை வேறொரு வழக்கறிஞர் மீது ஏற்றிவிடலாம். ஓராள் நாடகத்தில் சிரிக்க வைத்தவரும் கூண்டில் நடுங்குபவரும் ஒருவரே ஆதலின் அதற்கு வழியில்லை.

மருட்கையும் நம்பிக்கையும்

மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழிப் பிறக்கும். கோமரைக் காண வந்தோரிடம் தொடக்கத்திலேயே இருப்பது பெருமை பற்றிய மருட்கை. ஒரே நடிகை மேசைகளைத் தாமே நகர்த்தி, மேடையிலேயே உடை மாற்றி, நொடிக்கொரு குரலாக மாறுவதைக் காணும்போது, ஒன்று மற்றொன்றாய்த் திரிதலாகிய ஆக்கம் அதனோடு சேர்கிறது. இது நடிகைக்குரிய மருட்கை, டெஸ்ஸாவுக்குரியது அன்று.

இங்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. காண்போர் டெஸ்ஸாவை ஐயமின்றி நம்புகின்றனர். நிகழ்ந்ததை அவர் வாயாலேயே கேட்டுவிட்டனர். சொல்பவரோ அவர்கள் விரும்பி வந்த நடிகை. நீதிமன்றத்தில் கூண்டேறும் பெண்ணுக்கு இவ்விரண்டும் இல்லை. ஜூரியினர் அவளை அன்றுதான் முதன்முறையாகக் காண்கின்றனர். ஆகவே, அரங்கம் டெஸ்ஸாவை நம்புவது கொண்டு, அரங்கினர் நாளை ஜூரியில் அமர்ந்தால் அறியாத பெண்ணொருத்தியை நம்புவர் என்று முடிவு செய்ய இயலாது. இறுதியில் எழுந்து நின்று தட்டும் கை, நம்பிக்கையின் சான்றா, நடிப்புத் திறனுக்கு நன்றியா என்பது பிரித்தறிய முடியாதவாறு கலந்துள்ளது. வேதனையைக் கண்டு இறுகியிருந்த உடல் அதிலிருந்து விடுபடும் வழியாகவும் கைதட்டல் அமையலாம்.

எனினும் நாடகத்தின் வலிமை முழுவதும் கோமரின் புகழால் வந்தது எனலும் பிழையாகும். சிட்னியில் உலகப் புகழ் சூழாத நிலையிலேயே அது வேரூன்றியது. 2023 ஜூன் 7 அன்று, காட்டுத்தீப் புகை நியூயார்க்கைச் சூழ்ந்திருந்த நிலையில், கோமர் மூச்சுவிட இயலாமல் பத்து நிமிட அளவில் மேடையை விட்டு நீங்கினார். மாற்று நடிகையான டேனி ஆர்லிங்டன் நாடகத்தை முதலிலிருந்து நடித்தார். அன்று அமர்ந்திருந்தோர் தாம் காண வந்தவரை இழந்து, டெஸ்ஸாவை மட்டும் பெற்றனர். அத்தகைய காட்சிகளே ஆய்வாளர்க்குக் கூடுதலான சான்று தரவல்லவை.

அரங்கிற்கு வெளியே

இறுதியில் டெஸ்ஸா காண்போரை நேராக நோக்கி, இடப்புறமும் வலப்புறமும் பார்க்கச் சொல்லி, மூன்று பெண்களில் ஒருவர் என்னும் கணக்கை நினைவூட்டுகிறார். நடிகையையே நோக்கியிருந்த கண்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் நோக்குகின்றன. காண்போன் காணப்படுபவனாகும் இம்மாற்றத்திற்கு மெய்ப்பாட்டியலில் பெயரில்லை.

இதன் விளைவுகளுள் சில சட்டத்துறையில் வெளிப்பட்டன. பாலியல் வன்கொடுமைச் சட்டங்களை மறுபரிசீலனை செய்யப் பாரிஸ்டர்கள் அமைத்த குழு, டெஸ்ஸாவின் பெயரே எழுத்துச் சுருக்கமாக அமையுமாறு தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. வட அயர்லாந்தில் நீதிபதிகளின் பயிற்சியில் நாடகத்தின் மேடைப் பதிவு இடம்பெற்றது. நாடகத்தைக் கண்ட நீதிபதி ஒருவர், இத்தகைய வழக்குகளில் ஜூரியினர்க்குக் கூறும் அறிவுரையைத் திருத்தி எழுதினார் என நூலாசிரியர் நேர்காணல்களில் தெரிவித்துள்ளார். பாதிக்கப்பட்டவர் நிகழ்ந்ததை வரிசை பிறழாமல் நினைவுகூர இயலாமை, அவர் பொய்யர் என்பதற்குச் சான்றாகாது என்பது அத்திருத்தத்தின் சாரம். அவ்வறிவுரையைக் கேட்கும் ஜூரியினர் கோமரை அறிந்திருக்க வேண்டியதில்லை. நாடகத்தைக் கண்டிருக்க வேண்டியதும் இல்லை.