நோக்காத நுண்ணோக்கி

பழனியை அடுத்த ஆயக்குடியில் கொய்யாக்கனி வாங்குவோர், நிறத்தைக் கண்ணால் கண்ட பின்னும், கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தே பதத்தைத் துணிவர். மிகுதியாக அழுத்தினாலோ கனி கன்றிவிடும். கடைக்காரரின் சினமும் வந்து சேரும். மூலக்கூறுகளுக்கிடையே நிலவும் விசையை அளக்கும் கருவி ஒன்று இவ்விரலின் தொழிலையே செய்கின்றது.

அணுவிசை நுண்ணோக்கி என்று நாம் வழங்கும் அதனைக் கெர்டு பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்தாப் கெர்பர் ஆகிய மூவர் 1986-இல் உலகுக்கு அறிவித்தனர். அறிவியல் தமிழ் வகுப்பில் இப்பெயரைக் கூறிப் படம் வரையப் பணித்தோம். மாணவர் பலரும் குழலும் வில்லையும் வரைந்து தந்தனர். குற்றம் அவர்களுடையதன்று, சொல்லினுடையது. பொருளைப் பெருக்கிக் காட்டும் வில்லை இக்கருவியின் உயிருறுப்பன்று. தொல்காப்பிய மரபியல் தொடுவுணர்வை முதலறிவாகவும் கட்புலனை நான்காம் அறிவாகவும் வைக்கின்றது. நான்காம் அறிவின் பெயரைச் சூடிக்கொண்டு முதலறிவால் வாழ்வது இக்கருவி!

ஒருமுனை மட்டும் பொருத்தப்பெற்று மறுமுனை அந்தரத்தில் நிற்கும் நுண்ணிய தகடே இதன் விரல். மயிரிழையின் தடிப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கே அதன் நீளம். தகட்டின் நுனியில் கூரிய முள் ஒன்று உண்டு. முள் மூலக்கூற்றைத் தொட்டு மீளும்போது தகடு வளைகின்றது. அதன் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி அவ்வளைவைப் பெருக்கிக் காட்டும். வளைவு தெரிந்தால், ஊக்கின் விதிப்படி விசையும் தெரியும். தகடு விறைப்பாயின் சிறுவிசைக்கு வளையாது, மூலக்கூறும் கன்றும். ஆதலின் மிக இளகிய தகட்டையே தேர்வர்.

அளவு எத்துணைச் சிறிது? நூறு கிராம் கொய்யா உள்ளங்கையை அழுத்தும் விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன். அதில் ஆயிரங்கோடியில் ஒரு கூறு நூறு பிக்கோநியூட்டன் ஆகும். நம் முன்னோர் வகுத்த ‘இம்மி’ ஒன்றில் 10,75,200-இல் ஒரு பங்கு. அவ்விம்மியையும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூறாக்கினால்தான் இவ்விசை கிட்டும். மீட்டருக்கு 0.05 நியூட்டன் விறைப்புடைய தகட்டை இது இரண்டு நானோமீட்டர் வளைக்கும்.

முட்டை வெண்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்னும் வைட்டமினை இறுகப் பற்றுவது. அப்பற்றைப் பிரிக்க 160 பிக்கோநியூட்டன் அளவில் விசை வேண்டும் என 1994-இல் ஜெர்மானிய ஆய்வாளர் அளந்தனர். நிற்க. இவ்வெண்ணை மாறாததெனக் கொள்ளற்க. விரைந்து இழுத்தால் பெருவிசை வேண்டும். மெல்ல இழுத்தால் சிறுவிசையே போதும். வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாது அதிர்வதால், காலம் கொடுத்தால் பிணைப்பு தானே நெகிழ இடமுண்டு. எனவே இழுத்த வேகத்தைக் கூறாத விசையளவு பாதி அளவே.

காண்டலும் தீண்டலும் வேறுவேறு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் முப்புரியாய் முறுக்கியது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு நிறுவினர். அது வடிவைக் கண்ட வெற்றி. ஒற்றைப் புரதத்தின் இரு முனைகளையும் பற்றி இழுத்து, அதன் மடிப்பு எவ்விசையில் அவிழ்கின்றது எனத் தீண்டி அறியும் ஆய்வு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்ரீராம கோட்டி ஐனவரபு குழுவினரால் நிகழ்த்தப்பெற்றுள்ளது.

இனிப் பெயருக்கு வருவோம். ‘நுண்தொடி’ என்றார் ஒரு மாணவர். தொடி என்பது வளையல் ஆயிற்றே என்று வகுப்பு நகைத்தது. பழந்தமிழில் தொடி பலம் என்னும் நிறையளவையும் குறிக்கும் என்று அவருக்காக வாதிட்டோம். எனினும் வளையலே வென்றது. இப்போது கரும்பலகையில் ‘அணுவிசைத் தொட்டறி’ என எழுதி வருகின்றோம். சென்ற பருவத் தேர்வுத்தாள்களில் வில்லைகள் குறைந்து, வளைந்த தகடுகள் சில தோன்றியுள்ளன.