உடற்கொழுப்பு: எடையும் இருப்பிடமும்

கொழுப்பு என்றதும் உடலுக்கு வேண்டாத சுமை என்ற எண்ணமே பொதுவாக எழுகிறது. உண்மையில் கொழுப்பு இன்றி உடல் இயங்காது. அதன் அளவைப் போலவே, அதன் வகையும் அது தங்கியுள்ள இடமும் உடல் நலத்தை நிர்ணயிக்கின்றன. ஊட்டக் குறைவும் பருமனும் ஒருங்கே நிலவும் நம் நாட்டில் இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது.

கொழுப்பின் வகைகள்

உடற்கொழுப்பின் பெரும்பகுதி வெண் கொழுப்பாகும். உணவில் மிஞ்சும் ஆற்றலை இது சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோ கலோரி ஆற்றலைத் தருகிறது. அதே எடையுள்ள மாவுச்சத்து தருவது சுமார் 4 மட்டுமே. வெண் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கும் அன்று. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்னும் ஹார்மோனை அது சுரக்கிறது என்பது 1994-இல் கண்டறியப்பட்டது.

பழுப்புக் கொழுப்பு ஆற்றலைச் சேமிப்பதற்கு மாறாக, அதனை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. பிறந்த குழந்தைகளைக் குளிரினின்று காப்பது இதுவே. வயது வந்தோரின் கழுத்திலும் காறை எலும்பின் அருகிலும் இது சிறிதளவு இயங்குவதை 2009-இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

இருப்பிடத்தின் முக்கியத்துவம்

இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் படியும் கொழுப்பு ஒப்பளவில் தீங்கு குறைந்தது. வயிற்றினுள் குடலைச் சூழ்ந்து சேரும் உள்ளுறுப்புக் கொழுப்போ வேறானது. அதிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலைச் சென்றடைகின்றன. இன்சுலினின் செயல் தடைப்படுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு இது வழிகோலுகிறது.

இந்தியரின் உடலமைப்பு

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடல் நிறைக் குறியீட்டெண். புனேயைச் சேர்ந்த யஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யட்கின் என்னும் இரு மருத்துவர்களுக்கும் இவ்வெண் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004-இல் லான்செட் இதழில் வெளியான இவ்வொப்பீடு, எடையை மட்டும் நம்புவது எவ்வளவு தவறானது என்பதைக் காட்டியது.

இவ்வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது. புனே பகுதிச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசை மிகக் குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

அளவு நாடாவின் பயன்

2019-21 ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, குறியீட்டெண் 25-ம் அதற்கு மேலும் உடைய பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9 சதவீதம். ஆனால் இடை, இடுப்பு ஆகியவற்றின் சுற்றளவு விகிதப்படி அபாய நிலையில் உள்ள பெண்கள் 56.7 சதவீதம்; ஆண்கள் 47.7 சதவீதம். எடைப் பொறிக்குப் புலப்படாத அபாயத்தை அளவு நாடா காட்டிவிடுகிறது.

இந்தியரில் இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.-க்கும், பெண்களுக்கு 80 செ.மீ.-க்கும் மிகாதிருத்தல் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளத்தல் முறையாகும்.

முப்பது வயது கடந்தோருக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் இவ்வளவு இடம்பெற்றுள்ளது. அது உத்தேசமாக எழுதப்படாமல், உண்மையாகவே அளக்கப்படுவதை மேற்பார்வை அலுவலர்கள் உறுதி செய்தல் வேண்டும். ஒல்லியாகத் தோன்றுவோரை அளக்காமல் விடுவதும் தவறாகும். தாய்மாரின் ஊட்டமும், உழைப்பு குறைந்த வாழ்வில் உடற்பயிற்சியும் இதனோடு இணைந்தாலன்றி நோய்த்தடுப்பு முழுமை பெறாது.