பராமரிப்பு இல்லம் சென்றால் உதவித்தொகை நிற்குமா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் அம்மாவை நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறோம். அவருக்கு வரும் அரசுப் பணம் நின்றுவிடுமா?

பதில்: எல்லாம் நிற்காது. இல்லக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது அது. அரசு ஓய்வூதியம் தொடரும். ஆனால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்னும் பராமரிப்பு உதவித்தொகை, கவுன்சில் பணம் கொடுத்தால், 28 நாட்களுக்குப் பிறகு நிறுத்தப்படும். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்து முழுக் கட்டணத்தையும் அம்மாவே கட்டினால், அது நிற்காது. இல்லத்தில் சேர்ந்ததுமே அதைக் கைவிட்டுவிடாதீர்கள். முகவரி மாற்றத்தை மட்டும் உடனே தெரிவியுங்கள், இல்லையெனில் கூடுதலாக வந்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

ஒரே பராமரிப்புக்கு அரசு இருமுறை பணம் தரலாமா என்று கேட்பார்கள். அலவன்ஸை நிறுத்துவதற்கு அந்த வாதம் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவுன்சில் உதவி பெறுபவரின் ஓய்வூதியமும் வருமானமாகக் கணக்கிடப்பட்டுக் கட்டணத்துக்குப் போகிறது. சொந்தச் செலவுக்கு வாரம் சுமார் 30 பவுண்டுதான் விட்டுவைக்கிறார்கள். உணவும் இருப்பிடமும் கிடைக்கிறதே, அது போதாதா என்பது சரியான பதிலல்ல. உடை, முடிதிருத்தம், தொலைபேசி, பேரப்பிள்ளைக்கு ஒரு பரிசு, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தத் தொகை உயர்த்தப்பட வேண்டும். அதுவரை, அம்மாவின் அந்தப் பணத்தை இல்லம் கட்டணமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது அவருடையது.