அத்திப்பழமா, பரங்கிக்காயா? பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

புத்தூர் நால்ரோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்திருந்தார். வயது ஐம்பத்து நாலு. எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி.

"ஐயா, எனக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. மூலமும் இருக்கு. அத்தி ரெண்டுக்கும் நல்லதாமே! தேன்ல ஊறினது தினமும் காலையில ஆறு சாப்பிடறேன். பரங்கிக்காயை மட்டும் வீட்டுக்குள்ளயே விடறதில்லை. அதுதான் தித்திக்குதே!" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம். பழம் என்றால் மருந்து, இனிக்கிற காய் என்றால் பகை! இது சரிதானா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

எந்த அத்தி?

அத்தியில் இரண்டு இருக்கிறது. நம் ஊர் ஆற்றங்கரைகளில் வளர்ந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது நாட்டு அத்தி. சித்த மருத்துவத்தில் அத்திப்பட்டை, அத்திப்பிஞ்சு என்று சொல்வதெல்லாம் இந்த மரத்தைத்தான். இவை துவர்ப்புச் சுவை உள்ளவை. துவர்ப்பு இறுக்கும். அதனால்தான் கழிச்சலுக்கும் ரத்தப் போக்குக்கும் பிஞ்சையும் பட்டையையும் கொடுப்பது வழக்கம்.

கடையில் தட்டையாக உலர்த்தி, மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பது சீமை அத்தி. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் புரந்தரில் விளையும் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. இது இனிப்பு, நார்ச்சத்து மிகுந்தது, மலத்தை இளக்கும்.

கவனித்தீர்களா? நாட்டு அத்திப்பிஞ்சு கட்டும். சீமை அத்தி இளக்கும். பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். வயிற்றுப்போக்குக்கு அத்தி நல்லது என்று எங்கோ படித்துவிட்டு உலர் அத்தியைத் தின்றால் என்ன ஆகும்? போக்கு கூடத்தான் செய்யும்!

எந்தப் பூசணி?

பூசணியிலும் இதே குழப்பம்தான். வெண்பூசணி லேகியத்தில் சேர்வது சாம்பல் பூத்த கல்யாணப் பூசணி. தைப்பொங்கல் குழம்புக்கு காந்தி மார்க்கெட்டில் பத்தை போட்டு வாங்குகிறோமே, அந்த மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய், வேறு இனம். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, கப்பலேறி வந்த காய் அது. பெயரிலேயே 'பரங்கி' இருக்கிறதே! வெண்பூசணிக்குச் சொன்ன மருத்துவ குணங்களை இதன் தலையில் ஏற்றக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், "அம்மா, இங்கே ஏகார்ன் ஸ்குவாஷ்னு ஒண்ணு கிடைக்குது, வாங்கலாமா?" என்று கேட்பார்கள். கரும்பச்சைத் தோலும் வரிவரியான பள்ளமும் உள்ள சின்னக் காய். பரங்கிக்குப் பங்காளிதான். மாவுச்சத்து கொஞ்சம் கூடுதல். பரங்கியின் மஞ்சள் சத்து அதில் குறைவு. கூட்டுக்குத் தாராளமாகப் போடலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆறு உலர் அத்தி சுமார் 50 கிராம் இருக்கும். அதில் 125 கலோரி. சர்க்கரை மட்டும் 24 கிராம், கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி! தேனில் ஊறியிருந்தால் அது தனி. நார்ச்சத்து 5 கிராம், சுண்ணாம்புச் சத்து 80 மில்லிகிராம். இவை நல்ல அளவுதான். ஆனால் இரும்புச் சத்து? வெறும் 1 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. அப்படியானால் அத்தியை மட்டும் நம்பினால் ரத்தம் எப்படி ஊறும்?

இப்போது பரங்கி. ஒருவர் கூட்டாகச் சாப்பிடும் 150 கிராமில் 40 கலோரி. சர்க்கரை சுமார் 4 கிராம்தான். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்! சதை எவ்வளவு அழுத்தமான மஞ்சளோ, அவ்வளவுக்கு வைட்டமின் 'ஏ' ஆக மாறும் சத்து அதிகம். கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டியது அது. கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். நம் பாட்டிமார் கூட்டில் தேங்காய் அரைத்து விட்டது சும்மா இல்லை!

ஆக, நாக்கு இனிப்பு என்று சொன்ன காயில் சர்க்கரை குறைவு. மருந்து என்று நம்பிய பழத்தில்தான் கூடுதல்.

யார், எவ்வளவு?

* மலச்சிக்கல் உள்ளவர்கள் இரண்டு உலர் அத்தியை இரவில் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்த நீரோடு சாப்பிடலாம். தேன் வேண்டாம்.

* சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எப்போதாவது ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. பரங்கிக் கூட்டு ஒரு கிண்ணம் சாப்பிடலாம். ஆனால் வெல்லம் போட்ட புளிக்குழம்பு கணக்கை மாற்றிவிடும், ஜாக்கிரதை!

* சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டிலும் பொட்டாசியம் உண்டு என்பதை மறக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டே அளவு வையுங்கள்.

* பரங்கியை நறுக்கும்போது ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நச்சு, வேகவைத்தாலும் போகாது.

அந்த அம்மா என்ன ஆனார்?

அத்தியால் மலம் இளகி வலி குறைந்திருந்தது. அதனால் குணமாகிவிட்டது என்றே நினைத்திருந்தார். ஆனால் ரத்தம் போவது நிற்கவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வருஷம் மறைத்திருக்கிறார்! ஐம்பது வயதுக்கு மேல் மலத்தில் ரத்தம் போனால் 'மூலம்தான்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நல்ல வேளையாக, அறுவை மருத்துவர் சோதித்துப் பார்த்ததில் மூலம் என்றே உறுதியானது. அதற்குச் சிகிச்சை ஆயிற்று. இரும்புச் சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டார். நாலு மாதத்தில் முகத்தில் வெளுப்பு மாறியது.

இப்போது அவர் வீட்டில் அத்தி இரண்டாகக் குறைந்திருக்கிறது, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். பரங்கிக்காய்க்குச் சமையலறைக் கதவு திறந்தாயிற்று!

உங்கள் வீட்டிலும் யாராவது பழத்தை நம்பி நோயை மூடி வைத்திருக்கிறார்களா? இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.