ஒரு மோட்டார் வாகனத்தின் பூர்வோத்தரம்

மதுரை

சிரஞ்சீவி மருமகனுக்கு,

திருமங்கலத்துப் பக்கம் உன் பாட்டனார் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில், வைக்கோற் படப்புக்குப் பின்னால் அரை நூற்றாண்டாய் உறங்கிய செவர்லே காரை வெளியே இழுத்துவிட்டதாகவும், அது ஒரு ஜமீன்தார் 1930-இல் வாங்கியது என்று ஊரார் சொல்வதாகவும், வருகிற திங்கட்கிழமை அதை மணல்வீச்சுக்கு அனுப்பிப் பளபளப்பாக்கப் போவதாகவும் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் உற்சாகத்தை மெச்சுகிறேன். ஆயினும் அந்தத் திங்கட்கிழமையைத் தயவுசெய்து ஒத்திவை.

கோயில் மண்டபங்களைத் துலக்குவதாக எண்ணித் தூண்களின்மேல் மணலை வீசியவர்கள், பல நூற்றாண்டுகளாக அழியாதிருந்த கல்வெட்டுகளைச் சில நாழிகையில் தேய்த்துவிட்ட அநியாயம் நம் நாட்டில் நடந்ததுண்டு. இரும்பில் பொறித்த எழுத்துக்கும் அதே கதிதான். மாங்குளத்து மலைக் குகையின் பிராமி எழுத்துகளை ஆராய்ந்தவர்கள் முதலில் படியெடுத்தார்கள். அதன் பின்னரே பொருள் கண்டார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்களே, அதுவும் கல்வெட்டுப் படியெடுப்பின் எளிய ரூபம்தான். துணியையும் மண்ணெண்ணெயையும் கொண்டு அழுக்கை மட்டும் நீக்கி, சட்டத்திலும் எஞ்சினிலும் உடற்கூட்டின் தகடுகளிலும் காண்கிற ஒவ்வோர் எண்ணையும் அவ்வாறு பிரதி செய்துகொள்.

வண்டியின் சாட்சிகள் அனைவரும் சமமான நம்பிக்கைக்கு உரியவர் அல்லர். எல்லாரினும் இலகுவில் மாறக்கூடியது நம்பர் பிளேட். சென்னை ராஜதானிக் காலத்து எண்கள் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கின; இன்று நம் மதுரையைக் குறிக்கும் ‘டி.என்.’ 58, 59, 64 என்பவையோ 1989-க்குப் பிறகு வந்த முறையைச் சேர்ந்தவை. ஆதலின் பிளேட் உரைப்பது பதிவின் காலத்தையே; பிறப்பின் காலத்தை அன்று.

அடுத்த சாட்சி எஞ்சின். செவர்லேயில் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது 1929-ஆம் ஆண்டு மாடலில். அதற்குச் சற்று முந்திய ஆண்டுகளின் மாடல்கள் நான்கு சிலிண்டர்கள் கொண்டவை. நீ அனுப்பிய படத்தில் ஆறு பிளக்குகள் தெரிகின்றன. பக்கத்தில் ‘சி 16 4’ என்று புடைத்து நிற்கும் வார்ப்புக் குறியும் தெரிகிறது. ஜனவரிக்கு ‘ஏ’ முதல் டிசம்பருக்கு ‘எல்’ வரை மாதத்துக்கோர் எழுத்து, பின்னர்த் தேதி, கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம் என்பது செவர்லே கம்பெனியின் வழக்கம். ஆகவே அது ஒரு மார்ச் 16. ஆனால் அந்த 4 என்பது 1934-ஐயும் குறிக்கலாம், 1944-ஐயும் குறிக்கலாம், 1954-ஐயும் குறிக்கலாம். அதே இரும்பில் உள்ள நீண்ட வார்ப்பு எண் எந்தக் காலத்து வடிவம் என்று கண்டால் சந்தேகம் தெளியும். எவ்வாறாயினும் 1930-இல் பிறந்த எஞ்சின் அது அன்று. ஒன்று, ஊரார் குறைந்தது நான்கு ஆண்டு பிசகினார்கள். அல்லது பழைய வண்டியில் பிந்திய எஞ்சின் ஏறியிருக்கிறது. இவ்வழக்கைத் தீர்க்க வேண்டியது சேஸிஸ் எண்ணே. பிரேக்கையும் பார்: செவர்லேக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1936-இல்.

இனி, வண்டி நம் ஊருக்கு வந்த வழி. 1928 முதல் செவர்லேயின் சொந்தக்காரரான ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாய் சிவ்ரியில், கப்பலேறி வந்த பாகங்களைக் கூட்டி வண்டி செய்தது; 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அவ்வண்டிகளின் விற்பனையாளராக விளங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது அந்நிறுவனமே கரிவாயுக் கருவி செய்து விற்றது. அக்காலத்தில் பல வாகனங்கள் அடுப்புக்கரியின் வாயுவில் ஓடின. உன் வண்டியின் பின்சட்டத்தில் காரணமறியாத துளைகள் நான்கு இருப்பதாக எழுதினாயே, அவற்றை வெல்டு வைத்து அடைத்துவிடாதே. அக்கருவியின் தாங்கிகள் நின்ற இடமாகவும் அவை இருக்கலாம்.

இரும்பு சொல்லாததைக் காகிதம் சொல்லும். பழைய ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் பத்திரம், பாட்டனாரின் கணக்கு நோட்டில் ‘கார் வகை’ என்று எழுதிய பற்று, கல்யாண ஊர்வலத்தில் மாலை சூடி நிற்கும் வண்டியின் புகைப்படம் ஆகியவற்றைத் தேடு. ஜமீன் கதை உண்மையானால் இவற்றுள் ஒன்றிலேனும் அதன் நிழல் விழுந்திருக்கும்.

இவ்வளவு விசாரணை எதற்கு என்று சலித்துக்கொள்ளாதே. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021-இல் மத்திய அரசு தனி விதி செய்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு கூடிய பதிவெண்ணை ஏற்படுத்தியிருக்கிறது. சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. செலவுக்கு அஞ்சிப் பழைய பெட்ரோல் வண்டிகளில் டீசல் எஞ்சினைப் பொருத்திய காலம் ஒன்று இருந்தது. அவ்வண்டிகள் இங்கே இடறும். ஆயினும் மாறியதை மாறியதென்றே எழுதிவைப்பவனுக்கு அவமானம் இல்லை. காயலான் கடைத் தகட்டில் புது எண் பொறித்து ஜமீன் பெயர் சொல்லி விற்பவனுக்கே அது உண்டு.

மணல்வீச்சு எப்போதும் காத்திருக்கும். பென்சில் தேய்த்த அந்தத் தாள்களை முதலில் எனக்கு அனுப்பிவை.

உன் அன்புள்ள,
மாமன்